என் தூக்கத்துக்கு ஒரு கட்டுக் காகிதம் சாட்சி

வடகரப்பதி,
14-2-1977

பெருமாட்டி ஊரிலிருக்கும் மச்சான் செங்கோட்டையன் அவர்களுக்குக் காளிச்சாமி எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். அங்கே நீங்களும், பிள்ளைகளும், என்மேல் கோபித்துக்கொண்டு தங்கியிருக்கும் உங்கள் தங்கை கமலாத்தாளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை.

உங்கள் பேத்தியின் காதுகுத்துப் பந்தியில், பதினொரு வருஷமாக எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை என்று நான் சொல்ல, "ஏனுங்க, விடிய விடியக் கொறட்ட உட்டுப்போட்டு இப்படிப் பொய் சொல்றீங்களே!" என்று கமலாத்தாள் கேட்க, நாற்பது பேர் முன்னால் நான் அவளைப் பொய்க்காரி என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் உங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். யார் பொய் என்று பார்த்துவிடலாம் என்று நானும் வீம்பாகக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தேன்.

தூங்குகிறவன் மூளை என்ன செய்கிறது என்று காட்டும் மிஷின் அங்கே இருக்கிறது. தலையில் ஒயர்களை ஒட்டினால், வரிசையாகப் பேனாக்கள் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். என் தலையில் ஒயர் நின்றால்தானே! தூக்கத்துக்காக இத்தனை வருஷம் தேய்த்த விளக்கெண்ணெய் மச்சான். நர்ஸ் சந்தனமேரி மூன்று தடவை அரப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, "பெரியவரே, இதுல பலகாரமே சுடலாமுங்க" என்றார். ஒருவழியாக ஒட்டினார்கள். காலையில் எழுந்து, கண்ணே மூடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் ஈஸ்வரமூர்த்தி தலையணை உயரக் காகிதக் கட்டை விரித்து, "அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கறீங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பின்ன, வராந்தாவுல தட்டு உழுந்த சத்தம் எனக்கு எப்படிங்க கேட்டுது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கத்துக்குரிய பெரிய அலைகளுக்கு மேலேயே, விழித்திருப்பவனுக்கு வரும் பொடிக் கோடுகளும் ஓடுவதைக் காட்டினார். "நீங்களும் பொய் சொல்லலீங்க, உங்க ஊட்டம்மாவும் பொய் சொல்லலீங்க. தூங்கறப்பவும் உங்க மூளை எதுக்கோ காவல் இருக்குது. எப்ப இருந்துங்க?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன் மச்சான். பதினொரு வருஷத்துக்கு முன் கமலாத்தாள் டைபாய்டில் கிடந்தாளே, அந்த ஒரு மாதமும் அவள் மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டபடியே படுத்திருந்தேன். காய்ச்சல் போய்விட்டது. நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. இதைச் சொல்லும்போது டாக்டர் முன்னால் அழுதுவிட்டேன். பழகப் பழகச் சரியாகும், பயப்பட வேண்டாம் என்றிருக்கிறார். நம்பிக்கை வந்திருக்கிறது. இக்கடிதத்தைக் கமலாத்தாளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். குறட்டை விட்டது நான்தான், பொய்க்காரன் நான்தான். அவளை அனுப்பிவையுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பேத்திக்கு என் ஆசி.

இப்படிக்கு,
காளிச்சாமி

பி.கு.: படித்துக் காட்ட வேண்டாம். நான் ஆஸ்பத்திரியில் படுத்த சேதி கேட்டு, உங்களிடம்கூடச் சரியாகச் சொல்லாமல், கமலாத்தாள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கையெழுத்துக்குக் கீழே பேனா காகித ஓரம்வரை கோடு இழுத்திருக்கிறதே, அதைக் காட்டி, நான் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டேன், இதைப் பார்க்கக் கோயம்புத்தூர் வரை போக வேண்டுமா என்கிறாள். சுத்தப் பொய் மச்சான். நான் தூங்கவே இல்லை. அவள் வந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.