ரேப்புக் கச்சேரி

சித்தூரில் கச்சேரி வைக்க வேண்டுமென்றால் முதலில் கச்சேரிக்குப் போக வேண்டும். பாடுகிற இடத்துக்கும் கச்சேரி என்று பெயர், பாட அனுமதி தருகிற ஆபீசுக்கும் கச்சேரி என்றே பெயர். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். என் காகிதம் ஒன்று இன்னும் அங்கே கிடக்கிறது.

ஏசுரத்தினம் வெல்ல மண்டியில் ஏலம் கூவுகிறவன். தமிழும் தெலுங்கும் கலந்து, எதுகை மோனையோடு, மூச்சு விடாமல் கூவுவான். எண்பத்தாறாம் வருஷம் துபாயிலிருந்து வந்த சிநேகிதன் அவனுக்கு ஒரு கேசட் கொடுத்தான். அதில் ஒரு அமெரிக்காக்காரன் டம்மு டம்மு என்ற அடிக்கு மேல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான்.

"இதுக்குப் பேரு ரேப்பு" என்றான் சிநேகிதன். ராப் இசை சித்தூர் வாயில் அப்படி ஆனது.

ஏசுரத்தினம் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டான். "இவனும் மண்டிக்காரன்தான்டா. இன்னா சரக்கு விக்கிறான்னுதான் தெரில."

மறுநாள் முதல் அவன் ரேப்புக் கலைஞன். கேசட் அட்டையில் இருந்தபடியே தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டான். அதனால் வெயில் மூஞ்சியில் அடித்தது, அதற்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டான். கழுத்தில் தடியாக ஒரு கவரிங் செயின். ஊரில் ஒருவரும் ரேப்பு கேட்டதில்லை, ஆகவே எல்லோருக்கும் அதைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. ரேப்பு பாடுகிறவன் இடுப்பில் கத்தி வைத்திருப்பான் என்றது டீக்கடை. அது ஒரு வகை வலிப்பு, ஊசி போட்டால் நிற்கும் என்றார் கம்பவுண்டர்.

இதெல்லாம் அவனுக்குத் தூசு. ஆனால் லோயிஸின் அப்பா வேதநாயகமும் டீக்கடை சொன்னதையே சொன்னபோது பயந்துபோனான். லோயிஸ் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இரண்டு வருஷமாக இருவருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. வேதநாயகம் ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க், சர்ச் சபையின் செயலாளர். சீல் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் விசுவாசம்.

"ரவுடிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றார்.

"நைனா, அது கலை" என்றாள் லோயிஸ்.

"கலைன்னு கவர்மெண்டு எழுதிக் குடுக்கட்டும். ரவுண்டு சீலோட அனுமதி வாங்கி, நம்ம சபை ஜூபிளி ஹால்ல பாடட்டும். நானே முன்வரிசையில குந்திக்கினு கேக்கறேன். பத்து நாள் டைம். இல்லன்னா நகரி ஊர்ல பாத்து வெச்ச மாப்பிள்ளைக்குச் சரின்னு லெட்டர் போட்டுடுவேன்." லெட்டரை எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ரங்கையா என்ன பாட்டு என்று தெலுங்கில் கேட்டார். "ஏம் பாட்ட?"

"ரேப்பு பாட்டு."

ரங்கையா அழகான தெலுங்கில் எழுதினார்: ஜூபிளி ஹால், ரேப்பு பாட்ட. தெலுங்கில் ரேப்பு என்றால் நாளை, ரா என்றால் வா. குமாஸ்தா கங்கையா அதைப் படித்தார்.

"ரேப்பு பாட்டயா?"

"ஆமா சார். ரேப்பு."

"அப்ப ரேப்பு ரா. நாளைக்கு நடக்கிறதுக்கு இன்னிக்கு இன்னா அவசரம்?"

மறுநாள் போனான். கங்கையா மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "இதுல ரேப்புன்னு இருக்குதே. நீ இன்னிக்கு வந்துக்கினு கீறே."

"நேத்து நீங்கதான சார் ரேப்பு வரச் சொன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன். ஒரே பேச்சு. காகிதத்த மீறி நான் நடக்க முடியாதுப்பா."

இப்படியே எட்டு நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் ஏசுரத்தினம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், கண் கலங்கியிருந்தது. நகரிக்கு லெட்டர் போக இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. மேஜையில் தாளம் தட்டி, வாய்க்கு வந்ததை ஆரம்பித்தான்.

"ஒரு தரம் வந்தேன், ஓரமா நின்னேன்,
ரெண்டு தரம் வந்தேன், ரேப்பு ரான்னே,
மூணு தரம் வந்தா முத்திர எங்கே?
சீலு எங்கே, சாரு எங்கே, நான் போறது எங்கே?"

கங்கையா எழுந்து நின்றுவிட்டார். "ஒரு தரம், ரெண்டு தரமா? அட, ஏலமா! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

தெலுங்கில் பாட்ட என்றால் பாட்டும் உண்டு, ஏலமும் உண்டு. பாட்டுக்கு அனுமதி தருவதற்குத்தான் அங்கே யோசிப்பார்கள், எதையாவது ஏலம் விடுவதென்றால் தயக்கமே கிடையாது. ஐந்து நிமிஷத்தில் ரவுண்டு சீல் விழுந்தது. தினமும் ஏலம் விடுகிற ஏசுரத்தினத்துக்கு அந்த இன்னொரு அர்த்தம் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் கண்ணில் சீல் மட்டும்தான் பட்டது. வேதநாயகமும் சீலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரேப்பு பாட்டுன்னே போட்டுக்கிறான்" என்று ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் தண்டோராக்காரன் தெருத்தெருவாகப் போனான். "ஜூபிளி ஹால், ரேப்பு பாட்ட!"

மறுநாள் ஹால் நிரம்பி வழிந்தது. அரிசி மில்காரர்கள், மரக்கடைக்காரர்கள், பட்டுக்கடைக்காரர்கள். இரண்டு பேர் டேப்பு பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். ரேப்புக்கு இத்தனை ரசிகர்களா என்று ஏசுரத்தினம் செயினை இழுத்துச் சட்டைக்கு வெளியே விட்டுக்கொண்டான். மைக்கைப் பிடித்து, "ஒரு தரம்" என்று ஆரம்பித்ததுமே கைகள் உயர்ந்தன. கேசட் அட்டையிலும் ஜனங்கள் இப்படித்தான் கையைத் தூக்கியிருந்தார்கள். அவன் பறந்தான்.

முன்வரிசையில் வேதநாயகத்திடம் பக்கத்து மில்காரர், "உங்க ஹால்ல கூரை ஒழுகுமா சார்? கோடவுனுக்கு எடுக்கலாம்னு" என்று விசாரித்தார். வேதநாயகத்துக்கு விஷயம் புரிந்து, நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஏசுரத்தினம் அதையும் உற்சாகமென்றே எடுத்துக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில் அவரை நோக்கியே விரலை நீட்டி முடித்தான். "மூணு தரம்!"

அரசாங்கச் சாட்சியாக வந்திருந்த கங்கையா ரிஜிஸ்டரில் எழுதினார்: ஜூபிளி ஹாலை எடுத்தவர் வேதநாயகம்.

சபைச் சொத்தைச் செயலாளரே அமுக்கிவிட்டார் என்று சபை கொதித்தது. வேதநாயகம் ரத்து மனுவோடு கச்சேரிக்கு ஓடினார். "ரேப்பு ரா" என்றார் கங்கையா. பன்னிரண்டு நாள் ரேப்பு ஆனது. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் அதையே சொன்ன மனுஷர், பாவம், பதிமூன்றாம் நாள் ஏசுரத்தினம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த ஆபீசுல சீல் வாங்கினவன் நீ ஒர்த்தன்தான். எப்படி வாங்கின?"

"பாடினேங்க."

"எனக்குக் கத்துக்குடு."

"ரவுடிகிட்டயா?"

வேதநாயகம் சட்டைப்பையிலிருந்து நகரி லெட்டரை எடுத்துத் திருப்பி, வெறும் பக்கத்தில் பேனாவை வைத்தார். "சொல்லுங்க மாப்பிள்ள, எழுதிக்கிறேன்."

திங்கட்கிழமை ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க் கச்சேரியில் நின்று பாடினார். "தொப்பியத் திருப்பிப் போடு நைனா" என்று லோயிஸ்தான் சரிசெய்து அனுப்பியிருந்தாள். ஏலம் ரத்தானது. கல்யாணம் ஜூபிளி ஹாலிலேயே நடந்தது. ரேப்பு ரவுடித்தனமல்ல, சர்க்கார் நடைமுறை என்று ஊர் ஏகமனதாக ஒத்துக்கொண்டது. இப்போது அந்த ஆபீஸ் வரிசையில் நேராகத் தொப்பி போட்டவர் ஒருவரும் இல்லை.

நானும் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு போனேன். மேஜையில் தட்டி, தெரிந்தவரைக்கும் பாடினேன். கங்கையா தலையை ஆட்டி, கடைசி வரி வரைக்கும் ரசித்துக் கேட்டார்.

"நல்லா கீது" என்றார். "பாடறதுக்கு அனுமதி வாங்கினியா?"

"இல்லையே சார்."

"ரேப்பு ரா."