மைனஸ் இருபதில் ஒரு பாலைவன ஒத்திகை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் பொறாமை பிடித்தவன். ஊரெல்லாம் பொறாமைப்பட எனக்கு நேரமில்லை. ஒரே ஒரு ஆளிடம்தான், ஆனால் முழுநேர வேலையாக. அவர் என் சகலன் மரியதாஸ் அண்ணை. மனைவி ஜெசிந்தாவின் அக்கா புருசன். ஓமானில் எஞ்சினியர். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். (அதுதான் இன்னும் எரிச்சல்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். கிழமைக்கொரு தடவை அண்ணையிடமிருந்து ஈமெயிலில் படம் வரும். மணல்மேட்டின் உச்சியில் வெள்ளை ஜீப், அதில் சாய்ந்தபடி கறுப்புக் கண்ணாடியோடு அண்ணை. ஜெசிந்தா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "அத்தானைப் பாருங்கோவன், இருபது வயசுப் பெடியன் மாதிரி" என்பாள். நான் ஜான்-டலோன் சந்தையில் நாள் முழுக்க உருளைக்கிழங்குப் பெட்டி தூக்கிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு இருப்பேன். என்னை யாரும் பெரிதாக்கிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அந்த வருடம் ஈஸ்டருக்கு எங்களை ஓமானுக்கு வரச் சொன்னார். பாலைவனத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை இருக்கிறதாம். ரோட்டு இல்லை, கடை இல்லை, மனிசர் இல்லை. நாலு மணித்தியாலம் மணலுக்குள் ஓடினால் நேரே கடல். ஆனால் ஒற்றை ஜீப்பில் போகக் கூடாது. ஒன்று புதைந்தால் இழுக்க மற்றது வேண்டும்.

"தம்பி, நீர் என்னோட முன் சீற்றில இரும். ரண்டாவது ஜீப்பை ஓட என்ர கூட்டாளி ஒருத்தர் வருவார்" என்றார் ரெலிபோனில்.

முன் சீற்றில் இருக்க நானென்ன சின்னப்பிள்ளையோ?

"அண்ணை, மொன்ட்ரியால் வின்ரரில ஓடுறவனுக்கு மணல் என்ன பெரிய மணல்? அதை நான் ஓடுறன்" என்றேன், வாய் கூசாமல். (உண்மையைச் சொன்னால், வின்ரரில் நான் மெட்ரோவில்தான் வேலைக்குப் போவேன். எங்கள் பழைய காரை விடியற்காலைப் பனிக்குள்ளால் நகரின் மறுகோடியில் இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் வரை ஓட்டிப்போய், அங்கே ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்தது ஜெசிந்தா.)

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி. சனிக்கிழமை திரும்பப் போன் எடுக்கிறன், முடிவாச் சொல்லும். ஜீப் வாடகைக்கு எடுக்கிற இடத்தில ஓடுற ஆளின்ர பேர் குடுக்கோணும்."

போனை வைத்ததும் ஜெசிந்தா கேட்டாள். "உங்களுக்கு ஏலுமேப்பா?"

அந்த ஒரு "ஏலுமே" நெஞ்சுக்குள் நெருஞ்சி முள்ளாய் ஏறியது. அத்தானிடம் இப்படிக் கேட்பாளா? கேட்கமாட்டாள். சனிக்கிழமைக்குள் இவளுக்கு நான் யாரென்று காட்டாவிட்டால் என் பேர் என் பேரில்லை என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. ஓமான் மேப், கடல் வற்றுகிற நேரம், ஆளுக்கு எத்தனை லீற்றர் தண்ணி, எத்தனை கான் பெற்றோல், சக்கரத்துக்குக் கீழே வைக்கப் பலகை. இன்ரர்நெற்றில் வாசித்ததில் ஒரு விசயம் மனதில் ஒட்டிவிட்டது: மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும், டயர் பரந்து புதையாமல் போகும். ஒத்திகை பார்க்க மணலுக்கு எங்கே போவது? வாசலில் மலை மாதிரிப் பனி கிடந்தது. பனி என்றால் என்ன, வெள்ளை மணல்தானே!

சனி காலை, மைனஸ் இருபது. தெரு ஓரத்தில் செம்மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள்: இன்று பனி அள்ளுவார்கள், கார் நிறுத்தாதே. பத்து நிமிச வேலைதானே என்று நான் கணக்கே எடுக்கவில்லை. நெருப்புக்குச்சியை வால்வுக்குள் விட்டு நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். காற்று அளக்கிற சாமான் வாங்க மறந்துவிட்டபடியால், கார் குந்துகிறவரை இறக்கினேன். பிறகு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு (ஓம், அதையும் வாங்கியிருந்தேன்) பனிமேட்டுக்குள் விட்டேன் ஒரு விடுகை.

கார் உள்ளே போனது. போனது போனதுதான். அக்சிலேற்றரை அமத்தினால் சக்கரம் சுத்துகிறது, கார் அசையவில்லை. காற்றை ஏற்றுவோம் என்று, ஓமானுக்கென வாங்கிய புதுப் பம்பை சிகரெட் லைற்றர் ஓட்டையில் செருகினேன். "கிர்" என்றது, பியூஸ் போய்விட்டது.

அப்போதுதான் சைரன் கேட்டது.

பனி அள்ளுவதற்கு முன்னம், நிற்கிற கார்களை அகற்ற இழுவை லொறி சைரன் அடித்துக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவனும் துவாயோடு ஓடிவந்து காரை எடுப்பான். லொறிக்காரர் இறங்கி என் டயர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"யார் செய்தது இதை?" என்றார் பிரெஞ்சில்.

"நான்தான்."

"ஏன்?"

"பாலைவனத்துக்குப் போக."

அவர் பனியைப் பார்த்தார். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். "தாக்கோர், மெஸ்யே" (சரி, ஐயா) என்று சொல்லிவிட்டுக் கொக்கியை இறக்கத் தொடங்கினார்.

மேலே ஜன்னலைத் திறந்துகொண்டு என் ஏழு வயது மகள் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "ஓம் பெரியப்பா, நாலு டயரையும் சப்பையாக்கிப் போட்டார்... ஓம், தானாத்தான்... நோ நோ, இன்னும் அழேல்லை!"

ஐயோ கடவுளே! அண்ணைக்கு நேரடி ஒலிபரப்பு. என் மானம் அந்த நிமிசமே கப்பலேறி ஓமானில் இறங்கியது.

ஜெசிந்தா வீட்டு உடுப்புக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் மீன் மணத்தோடு வந்தாள். லொறிக்காரரிடம் ரண்டு நிமிசம் கேட்டாள். "அரக்குங்கோ" என்று என்னைத் தள்ளிவிட்டுக் கார் மிதியடிகளை உருவி முன் சக்கரங்களுக்குப் பின்னால் செருகினாள். "சவலால அடிப் பனியை இழுங்கோ." பனி வாருகிற சவலை எடுத்து இழுத்தேன். ரிவர்சில் போட்டு, அமத்தாமல், மெல்ல மெல்ல விட்டாள். கார் வெளியே வந்துவிட்டது! லொறிக்காரர் கையுறையோடு கை தட்டினார். அவள் நாலு விளக்கும் மின்ன மின்ன, மூலையில் இருந்த பெற்றோல் செற்றுக்குக் காற்றடிக்க ஊர்ந்து போனாள். நான் சவலும், சக்கரத்துக்கு வைக்க மறந்த பலகையுமாகப் பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது போன் மறுபடி அடித்தது. அண்ணை சிரிப்பார் என்று காத்திருந்தேன். பாவி மனுசன் சிரிக்கவில்லை. "காத்து இறக்கினது சரிதான் தம்பி, கொஞ்சம் கனக்க இறக்கிப் போட்டீர். எனக்கும் முதல் தரம் உதே கதைதான்" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. "அப்ப, ஆற்ற பேரை எழுத?" என்று அவரே கேட்டார்.

ஜெசிந்தா குசினியில் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி.

"ஜெசிந்தா எண்டு எழுதுங்கோ அண்ணை" என்றேன்.

கத்தி நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள், நல்லாய் நேரமெடுத்து.

ஓமானில் அவள்தான் ஓட்டினாள். ஒருமுறை புதைந்தது அண்ணையின் ஜீப், இழுத்தெடுத்தது அவள். அந்தக் கடற்கரையில் அண்ணை எடுத்த படம் இப்பவும் எங்கள் ஹோலில் தொங்குகிறது. ஜீப்பில் சாய்ந்தபடி, என் கறுப்புக் கண்ணாடியோடு, ஜெசிந்தா. பின் சக்கரத்தடியில் பம்போடு குந்தியிருக்கும் பாதி ஆள் நான். அண்ணை மேலிருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. பொறாமைப்பட வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்க, எதற்கு ஓமான் வரைக்கும் போவான்?

இன்றைக்கும் வின்ரரில் அந்தச் சைரன் கேட்டால் மகள் தன் அறைக்குள்ளிருந்து "அப்பா, ஓமான்!" என்று கத்துவாள். ஜெசிந்தா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்குவாள். நான் சவலை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன்.