ஏழு முறை கண் சிமிட்டிய போர்டு

"கோளாறு போர்டுலதான். போர்டுல இல்லேன்னா இந்த மெஷினே உனக்கு!"

இப்படிச் சபதம் போட்டபோது சாதுல்லா ஒரு தவறு செய்தார். பக்கத்து வீட்டு ஜம்புலிங்கமும் அவருடைய மனைவி வசந்தகுமாரியும் வாசல்படியில் நின்றுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மனைவியிடம் தனியாகச் சொன்னதை மறுநாள் மறுக்கலாம். அண்டை வீட்டார் முன்னால் சொன்னதை என்ன செய்வது?

பூந்தமல்லியில் சாதுல்லாவின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'போர்டு பாய்' என்றால் தெரியும். டி.வி., வாஷிங் மெஷின், லிஃப்ட் என்று எது படுத்தாலும் அதன் எலெக்ட்ரானிக் போர்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்து, கருகிய இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். முப்பது வருட அனுபவம். அதனாலேயே உலகத்தின் எல்லாக் கோளாறுக்கும் போர்டுதான் காரணம் என்று நம்பினார். ஒருமுறை பிளக் செருகாத கிரைண்டரைப் பிரித்து மேய்ந்தார் என்று ஜம்புலிங்கம் ஊரெல்லாம் சொல்வார். அது அபாண்டம். பிளக் செருகித்தான் இருந்தது. சுவிட்ச்தான் போடவில்லை.

இப்போது விவகாரம் ஒரு பின்பால் மெஷின். மூடிப்போன ஏதோ ஒரு கிளப்பின் ஏலத்தில் எடுத்தது. கண்ணாடிக்குக் கீழே சாய்வான பலகை, அதில் இரும்புக் குண்டு உருளும், மணிகள் அடிக்கும், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் துடுப்பு எழுந்து குண்டைத் திருப்பி அடிக்கும். நாற்பது வயதுக்கு மேல் ஆன சாமான். அதற்கு இடம் கொடுக்க முன் அறையிலிருந்த சோபா மாடிக்குப் போனது. வருகிற விருந்தாளிகள் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மெஷினின் தலைப்பகுதியைத் திறந்தால் உள்ளே போர்டு. அதிலிருந்த பழைய பேட்டரி ஒழுகி, செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருந்தது. சாதுல்லா பத்து நாள் உட்கார்ந்து சுரண்டினார், ஒயர் இழுத்தார், புது பேட்டரி வைத்தார். மெஷினுக்கு உயிர் வந்தது. விளக்குகள் எரிந்தன. எண்கள் தெரிந்தன. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குல்ஷன் எட்டிப்பார்த்தாள்.

"ஏங்க, காசு போடற முன்கதவைத் தொறந்து பாத்தீங்களா? பொத்தானுக்குப் பின்னால ரெண்டு தகடு கீதே, அது கருத்துப் போயிருக்கும்."

"நீ சும்மா இரு."

"இல்ல, சொன்னேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி அம்பத்தூர் எஸ்டேட்ல நாலு வருஷம் போர்டுக்கு ஈயம் வெச்சவ நீ. நான் போர்டோட மனசைப் படிச்சவன்."

"என் மனசை எப்பப் படிக்கப் போறீங்க?"

இதற்குப் பதிலாகத்தான் சாதுல்லா மேற்படி சபதத்தைப் போட்டார். குல்ஷன் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"எப்போக்குள்ள?"

"அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி."

"அதுக்குள்ளயும் ஓடலேன்னா?"

"முனியன் வண்டியில ஏத்தி உடு. எடைக்குப் போவட்டும்."

முனியன் அந்தத் தெருவின் பழைய இரும்பு வியாபாரி. சோபா மாடி ஏறிய நாளிலிருந்தே தினம் ஒருமுறை வாசலில் வண்டியை நிறுத்தி, மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவான்.

ஜம்புலிங்கம் தொண்டையைக் கனைத்தார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க செக்‌ஷன்ல ஒரு வழக்கம் பாய். புதுப் பாகம் போட்டு மெஷின் ஓடினா மட்டும் போதாது. பழைய பாகத்தைத் திருப்பிப் போடணும். கோளாறு திரும்பி வந்தாத்தான் அது குற்றவாளி. அப்புறந்தான் கையெழுத்து."

"அது ஃபேக்டரி சார். இது என் ஊடு" என்றார் சாதுல்லா.

அன்றிலிருந்து அவர் யாரையும் நம்பவில்லை.

முதலில் விளக்கை நம்பவில்லை. போர்டின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. மெஷினைப் போட்டதும் போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஏழு முறை கண் சிமிட்டினால் போர்டு நலம் என்று பொருள். அது தினமும் சரியாக ஏழு முறை சிமிட்டியது. "பொய் சொல்லுது" என்று தீர்மானித்தார் சாதுல்லா. விளக்கை மாற்றினார். புது விளக்கும் ஏழு முறை சிமிட்டியது. இரண்டும் கூட்டு என்று நினைத்தார்.

அடுத்து, எண் விவகாரம். மெஷினில் யாரோ எடுத்த அதிகபட்ச ஸ்கோர் பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கும். சனிக்கிழமை 84,320 இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உதிரிப் பாகம் தேடி வெளியே போய்விட்டு வந்து பார்த்தார். 1,12,450.

"குல்ஷன்! மெமரி சிப்பு புட்டுக்கிச்சு."

"ஐயோ பாவம். டீ போடட்டா?"

சிப்பை மாற்றினார். எண் பூஜ்யமானது. மறுநாள் வெளியே போய் வந்தார். 96,080. அதற்கு அடுத்த நாள் 2,03,710.

சாதுல்லா நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். கெட்டுப்போன மெமரி ஏறும், இறங்கும், உளறும். இது ஏறிக்கொண்டே போகிறது. அதுவும் அவர் வீட்டில் இல்லாதபோது மட்டும். கோளாறு இப்படி ஆள் பார்த்து நடக்காது. அவர் இருந்தால் ஸ்டார்ட் ஆகாத மெஷினில், அவர் இல்லாதபோது யாரோ ஆடுகிறார்கள்.

யார்? ஜம்புலிங்கம்தான். ஏலத்துக்கு அவரும் வந்திருந்தார். நேராகப் போய்க் கேட்டார்.

"சார், மதியத்துல எங்க இருக்கீங்க?"

"தூங்குறேன் பாய். ஏன்?"

"சாட்சி?"

"தூங்குறதுக்கு எதுக்கு சாட்சி? வசந்தாவும் வீட்ல இல்ல. மதியமானா தையல் கிளாஸ்னு கிளம்பிடுறா. ஆறு நாளாச்சு, ஒரு பட்டன்கூட தச்சு நான் பாக்கல."

சாதுல்லா அதைக் காதில் வாங்கவில்லை. தூங்குகிறவரின் கண் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதில் கவனமாக இருந்தார்.

புதன்கிழமை பொறி வைத்தார். "சிப்பு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். வர சாயங்காலம் ஆவும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பக்கத்திலிருக்கும் குமணன்சாவடியிலேயே இறங்கினார். மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு ஓரமாகத் தூசியில் நடந்து திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் டிரம்மின் பின்னால் குந்தினார்.

உள்ளே மணிகள் அடித்தன. குண்டு உருண்டது.

"அக்கா, லெஃப்டு! லெஃப்டு!" வசந்தகுமாரியின் குரல்.

"இரும்மா, அது எறங்கி வரட்டும். அவசரப்பட்டா நடுவுல பூந்துடும்." இது குல்ஷன்.

"பாய் வந்துட்டா?"

"சிப்பு கெடைக்காம வரமாட்டாரு. வர்ற நேரத்துக்கு அந்தப் பால் கவர் துண்டை ரெண்டு தகட்டுக்கும் நடுவுல சொருவிட்டா முடிஞ்சுது. ஸ்டார்ட் ஆவாது."

"அவர் முன்கதவைத் திறந்து பாத்துட்டார்னா?"

"கல்யாணம் ஆன நாளா பாக்கறேன். அந்த மனுஷன் எதையும் பின்பக்கந்தான் தொறப்பாரு."

"இப்பவே காமிச்சுடலாமே அக்கா. கருப்பைச் சுரண்டினதும் ஓடிச்சுன்னு."

"இப்பக் காமிச்சா, அதுவும் போர்டாலதான்னுவாரு. வெள்ளிக்கிழமை வரட்டும். நாலு பேர் நிக்கட்டும்."

டிரம்மின் பின்னால் சாதுல்லா கணக்குப் போட்டார். உள்ளே பாய்ந்து கையும் களவுமாகப் பிடிக்கலாம். பிடித்து? கோளாறு கதவில் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். மெஷின் அவளுக்கு. பிடிக்காமல் விட்டால் வெள்ளிக்கிழமை மெஷின் ஓடாது. முனியனுக்கு. மெஷின் போனால்கூடப் பரவாயில்லை. பூந்தமல்லி போர்டு பாயை ஒரு பால் கவர் ஜெயித்தது என்று ஜம்புலிங்கம் ஆவடி வரை சொல்வாரே!

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூன்றாவது வழி. வந்த சுவடு தெரியாமல் நழுவினார்.

வியாழக்கிழமை குல்ஷன் டீயில் சர்க்கரை கூடுதலாகப் போட்டாள். பிரியாணிக்கு அரிசி ஊற வைக்கட்டுமா என்று கேட்டாள். சந்தேகத்தோடு டீயைக் குடித்தார். சந்தேகத்தோடு பிரியாணிக்குச் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை விடியலில் குல்ஷன் குளிக்கப் போன நேரம். ஃபிரிட்ஜ் மேலிருந்த மெஷின் சாவியை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அதன் முன்கதவைத் திறந்தார். தகடுகளுக்கு நடுவே நகக்கண் அளவு நீல பிளாஸ்டிக். உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் எல்லோரையும் கூட்டினார். ஜம்புலிங்கம், வசந்தகுமாரி, வண்டியோடு முனியன்.

"பொத்தானை அமுக்கினதைப் போர்டோட மூளைக்குச் சொல்ற சிப்பு இது. நாப்பது காலு. இதான் குற்றவாளி." பழைய சிப்பை நெம்பி எடுத்து உயர்த்திக் காட்டினார். புதியதைச் செருகினார். சுவிட்சைப் போட்டார். விளக்கு ஏழு முறை சிமிட்டியது. ஸ்டார்ட்டை அழுத்தினார்.

குண்டு வந்து விழுந்தது. மணி அடித்தது. முனியனின் முகம் தொங்கியது.

"பாத்தியா குல்ஷன்? போர்டு!"

"பாத்தேங்க. மாஷா அல்லாஹ்" என்றாள் குல்ஷன். முகத்தில் ஒரு ஏமாற்றமும் இல்லை. அதைக் கண்டு சாதுல்லா சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "சார், உங்க ஃபேக்டரியில கையெழுத்துக்கு முன்னாடி ஏதோ பண்ணுவீங்களாமே?"

ஓய்வு பெற்று ஏழு வருடத்தில் ஜம்புலிங்கத்திடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்தினார்.

"பழைய சிப்பைத் திருப்பிப் போடுங்க பாய்."

"அது எதுக்கு சார்? கால் ஒடிஞ்சுடும்."

"குடுங்க, நான் போடுறேன்."

போட்டார். கால் ஒன்றுகூட ஒடியவில்லை. விளக்கு சிமிட்டியது. எல்லோரும் வாய்விட்டு எண்ணினார்கள். ஏழு. ஜம்புலிங்கம் ஸ்டார்ட்டை அழுத்தினார்.

குண்டு வந்து விழுந்தது. மணி முன்னைவிடச் சத்தமாக அடித்ததுபோல் இருந்தது.

முனியன்தான் ஆரம்பித்தான்.

"அப்போ பாய், பழைய சிப்பும் நல்லாத்தான் கீதா?"

"கொஞ்ச நேரம் வெளிய ரெஸ்ட்டுல இருந்துச்சுல்ல. சரியாயிருக்கும்."

"சிப்பு ரெஸ்ட் எடுக்குமா பாய்?" என்றார் ஜம்புலிங்கம். "கோளாறு திரும்பல. போர்டு குற்றவாளி இல்ல. கையெழுத்துக் கிடையாது."

வசந்தகுமாரி அதற்குள் துடுப்புப் பொத்தானில் கை வைத்துவிட்டாள். தையல் கிளாஸ் எங்கே நடக்கிறது என்று ஜம்புலிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

குல்ஷன் மெஷின் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கணவனுக்கு முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"என்னா?" என்றார் சாதுல்லா.

"சட்டைப் பையில கீற பால் கவர் துண்டைக் குடுங்க. நீங்க ஊட்டுல கீறப்பல்லாம் தகட்டுக்கு நடுவுல வெக்கணும்."