எல்.ஈ.டி. போட்டதிலிருந்து கார் தானாக ஓடுகிறது

பரமத்தி வேலூர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை யோகேஷ் அவர்களுக்கு, மாமன் வெள்ளியங்கிரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை பாவாயியும் நலம். அங்கே நீங்களும் எங்கள் மகள் கிருத்திகாவும் சுகமாயிருக்க அம்மன் துணை நிற்கட்டும். போனில் பேசினால் உங்கள் அத்தை காதில் விழும். அதனால்தான் தபால்.

போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, கார் மீட்டர் பல்பெல்லாம் மங்கிப்போச்சுங்க, எல்.ஈ.டி. போட்டுருங்க" என்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கல்யாணமானதிலிருந்து என் காரைத் திரும்பிப் பார்க்காத மாப்பிள்ளைக்கு என்ன திடீர் அக்கறை என்று அப்போதே எனக்குச் சந்தேகம்தான். தப்பாக நினைக்க வேண்டாம். நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்கிற தீர்த்தகிரியிடம் வண்டியை விட்டேன். மீட்டர் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பழைய பல்பையெல்லாம் பிடுங்கிப் புதிதைப் போட்டான். பாதி எரிந்தது, பாதி எரியவில்லை. "இதுக்குப் பிளஸ், மைனஸ் இருக்குதுங்க. மாத்திப் போட்டா எரியாதுங்க" என்று திருப்பிச் சொருகினான். மாரியம்மன் பண்டிகை சீரியல் லைட் மாதிரி ஒரே நீலம். அந்த வெளிச்சத்தில்தான் ரொம்ப நாளைக்கப்புறம் கிலோமீட்டர் நம்பர் என் கண்ணில் பட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

வெற்றிலையைக் கவுளிக் கட்டாக எண்ணி அடுக்கிப் பழகினவன் நான், நம்பர் மறக்காது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து பார்த்தால் நம்பர் கூடியிருக்கிறது! மறுநாளும் அப்படியே. வண்டி மட்டும் வேப்பமர நிழலில், விட்ட இடத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. தீர்த்தகிரிக்குப் போன் போட்டு, "ஏப்பா, நீ போட்ட லைட்டு மீட்டரைத் தள்ளுதா?" என்று கேட்டேன். "லைட்டு வெளிச்சந்தாங்க குடுக்கும். வண்டி ஓடுனாத்தாங்க நம்பர் ஓடும்" என்கிறான். சாவி ஒரு நாள் முழுக்க அவனிடம் இருந்ததே, கள்ளச்சாவி போட்டுவிட்டானோ? இல்லை, ரொம்ப ஓடின வண்டி என்று காட்டிச் சல்லிசாக வாங்கிக்கொள்ள நீங்களும் அவனும் சேர்ந்து ஏதாவது? தப்பாக நினைக்க வேண்டாம்.

வியாழக்கிழமை, "படுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, காரின் பின்சீட்டில் கால் வைக்கிற பள்ளத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கினேன். வேர்த்துக் கொட்டுகிறது. முன்கதவு திறந்தது. வளையல் சத்தம்.

"கிளச்ச மிதிச்சுட்டுத்தானே கியரு, இலக்கியா?"

உங்கள் அத்தை, மாப்பிள்ளை! பக்கத்தில் அடுத்த தோட்டத்து மருமகள் இலக்கியா, வாத்தியாராக. வண்டி கிளம்பிவிட்டது. இருமினால் பயந்துபோய் வாய்க்காலில் விட்டுவிடுவாளே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வேகத்தடையில்கூட முதுகு நோகவில்லை. அது வேறு எரிச்சல்.

"அவருக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியறதில்ல இலக்கியா. ஆசுபத்திரிக்குப் போலாமுன்னா பல்பு மங்கலுங்கறாரு. மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன், அவரு பாவம் பல்பு வாங்கிக் குடுத்தாரு. மீட்டரு பளிச்சுன்னு எரியுது, ரோடு எரியுதா? எதுக்க லாரி வந்தா எனக்கு உசுரே இல்ல."

பொறுக்க முடியவில்லை. சாக்கோடு எழுந்து, "யாருக்குக் கண்ணு தெரியல?" என்றேன். இலக்கியா போட்ட கூச்சலில் கரும்புக்காட்டு மயிலெல்லாம் பறந்தது. உங்கள் அத்தை மட்டும் பதறாமல் பிரேக் போட்டு ஓரங்கட்டி, "ஏனுங்க, சோறு தின்னுபோட்டு அங்க படுத்தா சூடு புடிக்காதுங்களா?" என்றாள்.

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. சாவி இப்போது என் மடியில். இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று நீங்கள் அத்தைக்குக் கண்டிப்பாகப் புத்தி சொல்ல வேண்டும். மகளுக்கு என் ஆசீர்வாதம். சம்பந்திகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமன் வெள்ளியங்கிரி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ராசிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பொழுது சாயும் நேரம், தூறல் வேறு. நானே சாவியை எடுத்து உங்கள் அத்தையிடம் நீட்டினேன். "எனக்கெதுக்குங்க?" என்றாள். முழங்கால் வலி என்றேன். வாங்கிக்கொண்டாள். போகவர அவள்தான் ஓட்டினாள். திங்கட்கிழமை ஆசுபத்திரிக்கும் அவளே கூட்டிப்போகிறாள். கண் ஆசுபத்திரி. யாராவது கேட்டால் முழங்காலுக்கு என்று சொல்லிவிடுங்கள்.