நேரடி நானாவும் அலுமாரிக்குள் இருந்த கல்யாணங்களும்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் நீண்டு கிடக்கும் எங்கள் கரையில் மீன் உண்டு, உப்பு உண்டு, கழுதைகளும் தாராளமாக உண்டு. இதெல்லாம் வேறு ஊர்களிலும் கிடைக்கலாம். நேரடி நானா மட்டும் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். மறுக்கிறவர்கள் புத்தளத்துக்கு வந்து என்னோடு வாதாடலாம். தேத்தண்ணீர் என் செலவு.

நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்; வாப்பா உம்மா வைத்த பெயர் அவருக்கு வேறொன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. கண்டக்குழிப் பக்கத்துப் படகுகளில் ஜீ.பி.எஸ். மெஷின் பழுதானால் திருத்துவது அவர் தொழில். கடல் சும்மா இருக்கிற நாட்களில் வீடுகளுக்கு டிஷ் பூட்டுவார். கொள்கை ஒன்றே ஒன்று: எந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் வரக் கூடாது.

கடையில் தேத்தண்ணீர் குடிக்கப் போனால் வெயிட்டரிடம் சொல்ல மாட்டார். நேரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஆற்றுகிறவருக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். "வெயிட்டரிட்ட சொன்னா சீனி வழியில கொட்டுப்படும் மச்சான்" என்பார். கல்யாண வீடென்றால் சஹனுக்கு, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுக்கு, உட்கார மாட்டார். சமையல்காரரின் சட்டியிலேயே அவருக்கு விருந்து.

தன் கல்யாணத்தையும் அவர் அப்படித்தான் பேசினார். தரகர் ஒருவர் கனமூலையில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆறுதலாகப் போய்ப் பேசலாம் என்று வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் மடித்து முடிப்பதற்குள் நானா சைக்கிளில் கனமூலைக்குப் போய்விட்டார். பெண்ணின் வாப்பா முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாராம்.

"மாப்பிள்ளை நான்தான். தரகரும் நான்தான். என்னப் பத்தி என்ன கேக்கணுமோ எனக்கிட்டயே கேளுங்க."

"குணம் எப்பிடி?"

"கொஞ்சம் மோசம். ஆனா ஒளிச்சு வெக்கிறதில்ல."

இவரோடு வாய் கொடுப்பதைவிடப் பெண்ணைக் கொடுப்பது லேசு என்று மனிதர் முடிவெடுத்துவிட்டார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

கொள்கை எல்லா இடத்திலும் பலித்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனபோது, இடையில் இருந்த ஸ்டெபிலைசர் பெட்டி எதற்கு என்று கழற்றி எறிந்துவிட்டு, ஜெனரேட்டரை விளக்குகளுக்கு நேரே கொடுத்தார். மண்டபம் ஒரு கணம் மக்கத்து மினாரா போல ஜொலித்தது. பிறகு எல்லா பல்பும் ஒன்றாக வெடித்தன. "ஆனா அந்த ஒரு செக்கன் வெளிச்சம்! வேற எவனாவது குடுப்பானா?" என்று அதற்கும் பெருமைதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தொழில் கல்யாண வீடியோ. எடுத்த வீடியோ எல்லாவற்றையும் போட்டு வைக்க, மச்சினன் கட்டாரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி அனுப்பினான். நெட்வேர்க் ஸ்டோரேஜ் என்று பெயர். உள்ளே ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெட்டி ஓர் அறையில், கம்ப்யூட்டர் இன்னோர் அறையில், நடுவில் ரவுட்டர் இருந்து இரண்டு பக்கத்துக் கதையையும் கொண்டுபோய்க் கொடுக்கும். பூட்டித் தந்தவர் நேரடி நானாதான். அன்றைக்கே முகத்தைச் சுளித்தார்.

"இந்த ரவுட்டர் ஒரு தரகன் மச்சான். ஒரு நாளைக்கு வேலையக் காட்டுவான்."

கள்ளனுக்கும் பிள்ளைகளுக்கும் பயந்து அந்தப் பெட்டியை நான் படுக்கையறையில் மனைவியின் சாரி அலுமாரிக்குள் வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை வெளியே எடுத்திருந்தேன். பெட்டியின் சூட்டில் சாரிகள் எப்போதும் அயர்ன் பண்ணின மாதிரி இருக்கும். புத்தளத்தின் பாதிக் கல்யாணங்கள் அந்த அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன.

ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இடி இடித்தது. தரகன் மவுத்து; ஆள் முடிந்தான். ரவுட்டரிலிருந்து கருகிய இறால் மணம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதுவும் போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் மூடியிருக்கும், திருத்துகிற ஆளும் வர மாட்டான். அன்றைக்கென்று ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு புது மாப்பிள்ளை ஒருவர் தன் கல்யாண வீடியோவைக் கேட்டு வந்து என் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தார்.

அவருடைய உம்மா, யுத்தம் முடிந்த பிறகு மன்னார்ப் பக்கம் தன் பழைய ஊருக்கே திரும்பிப் போய்க் குடியேறியவர். மகனின் கல்யாணத்துக்குப் புத்தளம் வர ஆயத்தமாகி நிற்கையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. படுத்த படுக்கை. கல்யாணத்தைக் காணவில்லை. மகன் அன்றைக்குப் பின்னேர பஸ்ஸில் போய் வீடியோவைக் காட்டிவிட்டு, அங்கிருந்து அப்படியே கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டும். வெளிநாட்டு வேலை; அடுத்த லீவு இரண்டு வருசம் கழித்து.

"ரெடிதானே நானா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் ஓம், ரெடி" என்றேன். என் வாய் எப்போதும் என்னைவிடத் தைரியசாலி.

கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கம்ப்யூட்டருக்குப் பெட்டி தெரியவில்லை. மூன்று முறை எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போட்டேன். பிறகு ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினேன். கடைசியில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனேன். பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் குத்திவிடுவது என்று முடிவு. முதல் ஆணியைக் கழற்றும்போது ஜும்ஆ முடிந்த தொப்பியோடு நேரடி நானா குசினி வாசலால் உள்ளே வந்தார். கூப்பிட்டது என் மனைவி. அவளுக்கு என்னைத் தெரியும்.

"வை அதைக் கீழ!"

"டிஸ்க்கைக் கழட்டி நேரா குத்தப் போறன் நானா. நேரடி எண்டா உங்களுக்குப் புடிக்கும்தானே?"

"நேரடி வேற, மடத்தனம் வேற. இந்த டிஸ்க் பேசுற பாஷை உன்ட கம்ப்யூட்டருக்கு விளங்காது. 'இதை அழிச்சுப் புதுசாக்கவா?' எண்டு கேக்கும். இப்ப நீ இரிக்கிற கோலத்துக்கு ஓம் எண்டுதான் அமத்துவாய். அதோட புத்தளத்துல பாதிப் பேரு கல்யாணம் முடிக்காத ஆளுகள்!"

ஆணியைத் திரும்பப் பூட்டினேன்.

"ரவுட்டர் போனா என்ன? கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நேரா ஒரு வயர். அவ்வளவுதான்."

அலுமாரி ஓட்டையால் வந்த வயர் கம்ப்யூட்டர் மேசை வரைக்கும் எட்டவில்லை.

"வயர் எட்டாட்டி கம்ப்யூட்டரை நடக்கச் சொல்லு."

அது நடந்தது. சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து வந்த மாப்பிள்ளை புதுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரையைத் தூக்கினார். நான் கம்ப்யூட்டரைத் தூக்கினேன். அலுமாரிக்குப் பக்கத்தில் எங்கள் கட்டில் மேசையானது. நானா வயரைக் கம்ப்யூட்டரில் குத்தினார். மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து, அடையாளம் தெரியாத நெட்வேர்க் என்றது.

"அல்லாஹ்வே, பெய்த்து!" என்றேன்.

"ஒண்டும் போகல்ல. இதுகளுக்கு விலாசம் குடுக்கிறது ரவுட்டர்ட வேல. அவன் இல்ல, இனி நாமதான் குடுக்கணும். பெட்டிக்கு நான் பூட்டின அண்டைக்கே நிரந்தர விலாசம் குடுத்திட்டன், கடைசி இலக்கம் பத்து. அந்தத் தெருவுலயே உன்ட கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் எழுது."

எழுத வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, பெட்டியின் விளக்கைப் பார்க்க அலுமாரிக்குள் தலையை விட்டார். நான் கவனமாக, ஒவ்வொரு புள்ளியாக எழுதினேன். அமத்தினேன். இந்த விலாசத்தில் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் கத்தியது. நானும் கத்தினேன். நானா சாரிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து திரையைப் பார்த்தார்.

"டேய்! இதுக்கும் பத்து, அதுக்கும் பத்தா? ரெண்டையும் ஒரே ஊட்டுல வெச்சிருக்கியே!"

"அப்பிடித்தானே நாங்க இருந்த?" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அது பொய்யில்லை. தொண்ணூறில், யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்டபோது, மன்னாரிலிருந்து ஒரு துணிப் பையோடு புத்தளம் வந்து இறங்கிய நாளிலிருந்து, எங்கள் முகாம் முழுவதற்கும் ஒரே விலாசம், தெருவோரத்துப் பலசரக்குக் கடை ஒன்றின் விலாசம். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், அடையாள அட்டைக்கும் அதுதான், சவூதியிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அதுதான். விலாசம் கேட்டால் பக்கத்தில் இருப்பவருடையதையே எழுதுவது என் விரலுக்குப் பழகிப்போன வேலை.

நானா பெரிதாகச் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அவரும் அந்த முகாம்தான்.

"ஒரு விலாசத்துல ஒரு ஊரே இரிக்க நமக்கு ஏலும் மச்சான். இதுகளுக்கு ஏலாது. பாவம், பழக்கம் இல்ல. மாத்து."

இவ்வளவு பெருமையான ஒரு வசனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பத்தை இருபதாக மாற்றினேன். முக்கோணம் மறைந்தது. பெட்டி, பாஸ்வேர்ட் கேட்டது. என் மூளை வெறும் சட்டியாகிவிட்டது.

"என்ட பேருதானே போட்டிருக்கிறீங்க" என்று வாசலில் நின்ற மனைவி சொன்னாள். "பாஸ்வேர்டை மறக்கட்டும். பொஞ்சாதிட பேரையுமா?"

கதவு திறந்தது. அத்தனை கல்யாணங்களும் வரிசையாக வந்து நின்றன. மாப்பிள்ளையின் வீடியோவைச் சின்ன டிஸ்க் ஒன்றில் ஏற்றி முடித்தபோது பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேரம் இல்லை. நானா மாப்பிள்ளையைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், ஓடுகிற மன்னார் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி ஏற்றிவிட்டார். டிரைவர் சிங்களத்தில் ஏசியதற்கு, அவரைவிடத் திருத்தமான சிங்களத்தில் பதில் சொன்னாராம்.

மறுநாள் காலை எனக்கு ஒரு போன் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா. மெல்லிய குரல்.

"மகன் கொழும்புக்கு ஏறிப் போயிட்டாரு தம்பி. கலியாணத்தைப் பாத்திட்டன். புத்தளத்துல இரிக்கிற நம்மட ஆக்கள் எல்லாரையும் கண்ட. மகன்ட தலையில தொப்பி வெச்ச நேரம் நானும் இஞ்ச கையத் தூக்கித் துஆ கேட்ட. பஸ்ஸ மறிச்சு ஏத்தின அந்தப் பிள்ளைக்கு என்ட ஸலாத்தைச் சொல்லிடுங்க."

கண்டக்குழிக்குப் போனேன். நானா ஒரு படகுக்குள் குந்தியிருந்து, வாயில் வயரைக் கடித்துக்கொண்டு, மெஷின் ஒன்றோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கரையில் நின்றே சொன்னேன்.

"அந்த உம்மா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்ன."

வயரை வாயிலிருந்து எடுத்தார். பதில் ஸலாம் சொன்னார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை; செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, படகுக்குப் பக்கத்தில் போய், நேரடியாகவே சொன்னேன்.