காய்ச்சல் அண்ணையும் கலியாண வண்டியும்

பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "பனடோல் குடு" என்று சொல்லிவிட்டு, வண்டியின் கியர்பொக்ஸுக்கு இரண்டு டிகிரி சூடு ஏறினால் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு மனிதரை உலகத்தில் வேறு எங்காவது காட்டுங்கள் பார்ப்போம். நான் சுவிஸில், டீட்டிகோன் ஊரில் காட்டுவேன். எல்லாருக்கும் அவர் காய்ச்சல் அண்ணை. சொந்தப் பெயர் மனைவிக்காவது நினைவிருக்கிறதோ தெரியாது.

அவரிடம் ஒரு பழைய வோன்மொபில் இருந்தது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள வீட்டு வண்டி. ஒட்டோமெட்டிக் கியர். பின்னால் எப்போதும் ஒரு ட்ரெயிலர். பாரம் இழுத்துக்கொண்டு மலை ஏறினால் கியர்பொக்ஸ் எண்ணெய் சூடேறும், அளவுக்கு மிஞ்சினால் கியர்பொக்ஸ் செத்துவிடும் என்று எவனோ சொன்ன நாளிலிருந்து மனிதருக்கு நித்திரை இல்லை. எண்ணெய்ச் சூடு காட்டும் மீற்றர் ஒன்றை வாங்கித் தானே பூட்டினார். எங்கே பூட்டினார் தெரியுமோ? பக்கத்துச் சீற்றுக்கு முன்னால்! ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

"ஓடுறவன் றோட்டைப் பாக்கவேணும். முள்ளுப் பாக்க வேறை ஆள் இருக்கவேணும்" என்றார்.

அந்த வேறை ஆள் நான்தான்.

"எத்தினை?"

"எண்பத்தெட்டு."

"வடிவாப் பார்."

"எண்பத்தெட்டு அண்ணை!"

"மீற்றர்க் கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாரடாப்பா."

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பூசை. ஒருநாள் பீல் நகரத்திலிருந்து வரும்போது போனில் கதைத்து இரண்டு தடவை முள்ளுப் பார்க்காமல் விட்டுவிட்டேன். வண்டியை ஓரம்கட்டி என்னைக் கக்கூசுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, மனைவியை முன்னுக்குக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் அவவும் பின்னுக்கு வந்துவிட்டா. "பதினைஞ்சு வருசத்திலை இந்தாள் என்ரை நெத்தியைத் தொட்டு ஒருநாளும் காய்ச்சல் பாத்ததில்லைத் தம்பி" என்றா.

முள் நூற்றுப்பத்தைத் தொட்டால் சட்டம் மாறும். கோடையானாலும் ஹீற்றரை முழுதாகப் போடுவார், எஞ்சின் சூடு எங்கள் பக்கம் வரட்டும் என்று. வண்டியை நிறுத்துவார். ஆனால் எஞ்சினை நிறுத்த மாட்டார். நியூட்ரலில் போட்டு உறுமவிட்டால்தான் எண்ணெய் சுற்றி ஓடி ஆறுமாம். எனக்கு இதெல்லாம் வெறும் விசராக, பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

இப்படிப்பட்டவரை என் தம்பியின் கலியாணத்துக்குக் கூப்பிட்டது யார்? நானேதான். என்னைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும். பெண்வீடு கொத்தார்ட் மலைக்கு அந்தப் பக்கம், லுகானோவில். முகூர்த்தம் பதினொன்றரைக்கு. மணமக்களை இருத்தும் மணவறையை நாங்கள் கொண்டுபோகவேண்டும். தூண்கள், இரண்டு பைபர் யானைகள் எல்லாவற்றையும் ட்ரெயிலரில் ஏற்றினோம். மற்றவர்கள் முதல்நாளே ரயிலில் போய்விட்டார்கள். வண்டியில் அண்ணை, மாப்பிள்ளைத் தம்பி, தாலித் தட்டோடு எங்கள் மாமி, முள்ளுக்கு முன்னால் நான். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம்.

கொத்தார்ட் சுரங்கத்துக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனம்.

"ஊந்து ஊந்து போனாக் காய்ச்சல் வரும். மலையாலை போவம்" என்று திருப்பிவிட்டார் அண்ணை.

ஆறாவது வளைவில் நூற்றுப்பத்து. ஹீற்றர் முழுதாக எரிந்தது. தம்பியின் பவுடர் கழுத்துவரை வழிந்தது. "மாப்பிள்ளையை இட்டலி மாதிரி அவிக்கிறான் பாவி!" என்று மாமி கத்தினா. அண்ணை ஓரம்கட்டி எஞ்சினை உறுமவிட்டார்.

அந்த நேரம் மின்சாரச் சைக்கிளில் வந்த ஒரு சுவிஸ் கிழவர் குதித்து இறங்கினார். நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இந்த நாட்டில் குற்றம். "மோட்டர் அப்ஷ்டெலே!", எஞ்சினை நிறுத்து, என்று கண்ணாடியில் தட்டினார். அண்ணை நெஞ்சில் கைவைத்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், கியர்பொக்ஸுக்குக் காய்ச்சல் என்று விளக்கினார். கிழவர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். பிறகு பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்தார்.

"அண்ணை, உங்களைக் கும்பிடுறன், எடுங்கோ வண்டியை" என்று தம்பி கையெடுத்தான். முள் நூற்றிநாலில் நிற்கும்போதே எடுத்தோம்.

"எத்தினை?"

முள் நூற்றுப்பன்னிரண்டு. தம்பி மணிக்கூட்டைப் பார்க்கிறான். மாமி மூக்கைச் சிந்துகிறா.

"தொண்ணூற்றி நாலு" என்றேன்.

நூற்றுப்பதினெட்டில், "தொண்ணூற்றி மூண்டு." நூற்றிருபத்தாறில், "தொண்ணூற்றி மூண்டிலையே நிக்குது அண்ணை."

பொய் சொல்வது இவ்வளவு சுகமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மணத்தது. றப்பரும் சீனியும் சேர்ந்து கருகின மாதிரி. எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. கீழே பார்த்தால் கறுத்துப்போன எண்ணெய் றோட்டில் ஓடுகிறது. இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் இத்தனை வருசம் கத்தியும் நான் நம்பவே இல்லையே! அண்ணை முழங்காலை ஊன்றி, எண்ணெயை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நல்ல காலம், மஞ்சள் பொஸ்ட் பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டி மறித்தோம்.

"நீயும் ஏறடா. யானையளோடை நான் நிக்கிறன்" என்றார் அண்ணை.

பஸ்ஸிலிருந்து இறங்கி ரயில் பிடித்தோம். பதினொன்றரைக்கு வெறும் கதிரையில் இருத்தித் தாலி கட்டினார்கள். மூன்று மணிக்கு, பழுதான வண்டிகளை இழுக்கும் லொறியில், சட்டையெல்லாம் எண்ணெயாக, இரண்டு யானைகளோடு அண்ணை வந்து இறங்கினார். மணவறையைப் பூட்டி, மறுபடியும் இருத்திப் படம் எடுத்தார்கள்.

அதற்கு முன், அண்ணை இறங்கின உடனேயே, பெண்ணின் தகப்பன் அவரைச் சபை நடுவில் பிடித்துக்கொண்டார். "உம்மடை விசராலை என்ரை பிள்ளை மணவறை இல்லாமல் தாலிக்குக் கழுத்தை நீட்டினவள்!"

நான் நாலடி தூரத்தில், வாயில் வடையோடு நின்றேன். என் பெயர் இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"மீற்றர் பிழை" என்றார் அண்ணை. "தொண்ணூற்றி மூண்டு காட்டினது. நம்பீட்டன்."

தினமும் தன் சாரத்து நுனியால் துடைத்த மீற்றரை அல்லவா அந்த மனிதர் சபையில் பொய்யன் ஆக்கினார்!

ஒரு கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணை, மீற்றரிலை பிழையில்லை."

"தெரியும். கடைசி நாலு வளைவும் எனக்குக் கருகின மணம் வந்தது."

"பிறகேன் நிப்பாட்டேல்லை?"

"உன்ரை தம்பிக்குக் கலியாணமடா, விசரா" என்று கத்தினார். "அண்டைக்கு எனக்கும் தொண்ணூற்றி மூண்டுதான் வேண்டியிருந்தது."

போன மாதம் வேறு கியர்பொக்ஸ் பூட்டி, என்னைக் கூப்பிட்டார். போய் ஏறினால், மீற்றர் பழைய இடத்திலேயே, பக்கத்துச் சீற்றுக்கு முன்னால்.

"இதை உங்கடை பக்கம் மாத்தியிருக்கலாமே அண்ணை?" என்றேன்.

"மாத்தினா, அப்ப பக்கத்திலை ஆர் இருக்கிறது?"

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முள்ளைப் பார்த்தேன்.

"இருபத்திரண்டு அண்ணை."

வண்டி இன்னும் வெளிக்கிடவே இல்லை.