கேள்வி வசூலித்த சுங்கம்

எமனிடம் பேசித் தப்பி வந்தவன்கூட எங்காவது இருக்கலாம். சுங்கத்திடம் தப்பியவன் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது.

சுங்கம் என்பது நாங்கள் வைத்த பெயர். ஊர்ப் பெரியமனிதர்கள் சேர்ந்து நடத்திய விஞ்ஞானக் காட்சிசாலைக்கு அவர் காவல்காரர். பாடம் பண்ணிய முதலை, மனித எலும்புக்கூடு, கையால் சுற்றினால் பொறி பறக்கும் யந்திரம் என்று உள்ளே ஏகப்பட்டது உண்டு. மெட்ராஸ் பார்த்து வந்தவர்கள், அங்கே மியூசியத்தைச் சொல்கிற மாதிரி இதையும் 'செத்த காலேஜ்' என்பார்கள். உள்ளே போகக் காசில்லை. வெளியே வருவதுதான் கஷ்டம். வாசலில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"ஒரு கேள்வி கேட்டுட்டுப் போ."

கேட்டால்தான் கை இறங்கும். வாடிப்பட்டிக்காரர் ஒருவர் பதறினார்.

"பஸ்ஸு போயிரும்யா, விடுய்யா."

"பஸ்ஸு எப்பிடிப் போகுதுன்னாவது கேளு."

"சரி, எப்பிடித்தான் போகுது?"

சுங்கம் விளக்கி முடிப்பதற்குள் அந்த பஸ் போயே போய்விட்டது.

பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட மாட்டார். "தெரியலை. அடுத்த வாரம் வா, விசாரிச்சு வைக்கிறேன்" என்பார். விசாரிக்கவும் செய்வார். எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போக, பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்டரை மறித்து நின்றவர் அவர்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, காட்சிசாலையைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் செல்லூரில் என் தச்சுப் பட்டறைத் தேக்கைத் தடவிப் பார்த்தவன் வேறு பட்டறைக்குப் போனதில்லை. கோயில் சப்பரத்துக்கு வளைவு செதுக்கிய கை இது. சும்மா பெட்டி செய்யுமா? உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே தாமரை வளைவு, பித்தளைக் குமிழ், உள்ளே மின்சார பல்பு. முதலைக்கு அமைந்த மண்டபம் மாதிரி மகாராஜாவுக்குக்கூட அமைந்திருக்காது.

காட்சிசாலைக் காரியதரிசி தம் பங்குக்கு அச்சடித்த விளக்க அட்டைகளைப் பெட்டிகளில் ஒட்டினார். பிறகு சுங்கத்தைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் அட்டையில போட்டாச்சுய்யா. இனி சொல்றதுக்கு ஆள் எதுக்கு? இந்த மாசத்தோட நின்னுக்க."

சுங்கத்துக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்த முதலையும் எலும்புக்கூடும்தான் குடும்பம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அட்டைக்குக் காது இருக்கா?"

"இல்லேண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

மாதம் முடிய இன்னும் ஓரிரு நாள் இருக்கையில் திறப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த ஜனம் அழகர்கோவில் வண்டியை விட்டிறங்கி அப்படியே உள்ளே வந்தது. பல்பைப் போட்டேன். முன்னால் வந்த ஆத்தா முதலையைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னால் வந்த அத்தனை பேரும் கும்பிட்டார்கள். யாரோ சூடம் ஏற்றிவிட்டார்கள்.

வாசலில் சுங்கம் கையை நீட்டினார். "ஒரு கேள்வி கேளு ஆத்தா."

"சாமியப் போயிக் கேள்வி கேப்பாகளாய்யா? கன்னத்துல போட்டுக்க."

அந்தக் கை தானாக இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். சூடப் புகையில் காரியதரிசியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. மற்றவனாயிருந்தால் ஓடியிருப்பான். நான் திருப்புளியை எடுத்து, பல்பை அணைத்து, முன்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"ஆத்தா, இது சாமி இல்லே. முதலை. வாயில கைய விட்டுப் பாரு."

திரும்பி வந்து கையை விட்டாள். துழாவினாள்.

"ஏய்யா, பல்லு இம்புட்டு இருக்கு, நாக்கக் காணோமே?"

சுங்கம் நிமிர்ந்தார். "தெரியலையே ஆத்தா. அடுத்த வாரம் வா, விசாரிச்சு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். "அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன்."

"அப்ப யாருய்யா சொல்லுவா?"

காரியதரிசி குனிந்து அட்டையைப் படித்தார். 'முதலை. ஊர்வன இனம்.' அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆத்தாவோ நகர்கிறவளாகத் தெரியவில்லை. காரியதரிசி மேல்துண்டை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். குறுக்கே கை நீண்டது.

"ஐயாவும் ஒண்ணு கேட்டுட்டுப் போங்க."

காரியதரிசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நாக்கு எங்கய்யா?"

"தெரியலைங்கய்யா. அடுத்த வாரம் சொல்றேன்."

"சொல்லு. வாரேன்."

கை இறங்கியது. வேலையை விட்டு நிற்கிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. "அவசரமில்லேண்ணே, நாக்க நிதானமா விசாரிங்க" என்று மட்டும் நான் சொல்லி வைத்தேன்.

கண்ணாடிகளை எல்லாம் கீல் வைத்த கதவாக மாற்றிக் கொடுத்தேன். அவர் இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்க் குப்பியோடு போய், ஒவ்வொரு கீலுக்கும் எண்ணெய் விட்டுவிட்டு, அவரோடு உட்கார்ந்துவிட்டு வருவேன். செல்லூரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் வைத்த கீல் எதுவும் என்றைக்கும் கிறீச்சிட்டதே இல்லை.